கோயம்புத்தூருக்குப் புரியாத என் இங்கிலீஷ்

என் இங்கிலீஷ் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புரியாதாம். சொன்னவர் பாரிஸில் பிறந்து வளர்ந்த என் மேலாளர். நான் திருச்சிக்காரி. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வயிறு எரிந்தது.

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்குக்கு எங்கள் பாரிஸ் அலுவலகம் மென்பொருள் எழுதியது. அலுவலகம் என்றால் நான்தான், உதவிக்கு இரண்டு பேர். அதை வாடிக்கையாளருக்கு விளக்கும் கூட்டத்தில் யார் பேசுகிறாரோ அவருக்கே அடுத்த கட்டப் பொறுப்பும் போகும். எங்கள் இடத்தில் வழக்கம் அது. அந்தப் பேச்சைத் தூக்கி என் பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீங்கள் ரொம்ப வேகம். அவர் பேசுவது சர்வதேச இங்கிலீஷ்" என்றார் மேலாளர்.

சர்வதேசமாம்! அந்த மனிதரின் இங்கிலீஷ் மூக்கில் கிளம்பித் தொண்டையில் போய் முடியும். வந்த புதிதில் அதைப் புரிந்துகொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேகத்தைக் குறைத்தேன். 'சார்' போடுவதை விட்டேன். தலையாட்டுவதைக்கூட அடக்கினேன். பதிலுக்கு அவர்கள் எதை மாற்றிக்கொண்டார்கள்? ஒரு மண்ணும் இல்லை.

அன்று மாலை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில், வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடையில், முருங்கைக்காயை வெடுக்கு வெடுக்கென்று பையில் திணித்தேன். கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன தங்கச்சி, முருங்கைக்காயோடை சண்டையோ?"

கொட்டித் தீர்த்தேன். "உங்கடை ஆக்களுக்கே நீங்கள் கதைக்கிறது விளங்காதாமோ? நல்ல கதை!" என்றார். ஆரம்பத்தில் அவர் தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என் தமிழில் பாதி இங்கிலீஷ் என்று அவருக்கும் எரிச்சல். ஆனாலும் இருவருமே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டோம். யாரும் யாரையும் வாய் மூடச் சொல்லவில்லை.

கூட்டம் வந்தது. திரையில் கோயம்புத்தூர்க்காரர்கள் நாலு பேர். என் மைக்கை அணைத்து வைக்கச் சொல்லி உத்தரவு. பிரெஞ்சுக்காரர் பேசப் பேச, அவர்கள் "ஓகே, ஓகே, ஃபைன்" என்று தலையாட்டினார்கள். மேலாளருக்கு ஒரே பூரிப்பு.  நம் ஆட்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓகே சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பாவம், வெள்ளைக்காரர் மனம் நோகக் கூடாது, பேசி முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆனால் திங்கட்கிழமை பழைய மென்பொருளை நிறுத்தப் போகிறோம். புரியாமல் தலையாட்டியிருந்தால் அவர்கள் கிடங்கில் ஒரு பம்ப்கூட வெளியே போகாது.

மைக்கைப் போட்டேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த திருச்சி இங்கிலீஷ் அப்படியே வந்து விழுந்தது.

"சார், ஃபிராங்க்லி டெல் மீ. அண்டர்ஸ்டுட் ஆர் நாட்?"

 நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆக்சுவலி மேடம், நத்திங் அண்டர்ஸ்டுட்."

அப்புறம் பார்க்க வேண்டுமே! கேள்வி மேல் கேள்வி. எல்லாம் அதே இங்கிலீஷில்தான். பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று இரண்டு பக்கமும் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. கடைசியில் "சூப்பர் மேடம், நோ டவுட்ஸ்" என்று எழுந்தார்கள்.

திரை அணைந்ததும் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"உதவி செய்தீர்கள், நன்றி. ஆனால் கூட்டங்களில் இனிமேல் உங்கள் தாய்மொழியில் பேச வேண்டாம். எங்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? அடுத்த முறையும் அவரே பேசட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகமே இல்லாமல் புரியட்டும் என்று பிரெஞ்சில் சொன்னேன்: "நாங்கள் பேசியது இங்கிலீஷ். அடுத்த கூட்டத்திலும் நான்தான் பேசுவேன். உங்களுக்குப் புரியாவிட்டால் கோயம்புத்தூர்க்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் விளக்குவார்கள்."