தீர்த்தம் தெளிக்கக் கூடாத அறை

சாம்பிராணிப் புகையும் கெமிக்கல் கம்பெனியின் சால்வென்ட் நெடியும் கலந்த ஒரு வாசனை... ஆயுத பூஜை என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான் முதலில் வரும்.

கல்யாணமான புதுசு. வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம் மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். காரிமங்கலத்தில் பஸ் ஏறும்போதே என் மடியில் ஒரு சொம்பு. உள்ளே தீர்த்தமலைக் கோயில் தீர்த்தம், வாய்க்குத் துணி கட்டி.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாசம்தான் புருவம் கருகி வீடு வந்தார். கேட்டால், "ஹைட்ரைடு ரூம்ல சின்னதா புடிச்சிக்கிச்சு" என்று முடித்துவிட்டார். அந்த அறைக்குத் தீர்த்தம் தெளிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

சூடம், சாம்பிராணி எல்லாம் கேட்டுக்கு வெளியேதான். உள்ளே மாலையும் பொட்டும் மட்டும். நான் நேராக அந்த ஹைட்ரைடு ரூம் கதவுக்குப் போய்ச் சொம்பின் துணியை அவிழ்த்தேன்.

வீட்டுக்காரர் ஓடி வந்து இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சாந்தி, இங்க தண்ணி ஆவாது."

"சாமி தண்ணிங்க..."

"அதுக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான். பட்டா எரியும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுவறதா இருந்தாலும் வெளிய வந்து அழு."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் விவரம் சொன்னார். சோடியம் ஹைட்ரைடாம். சாம்பல் நிறப் பொடி, ஊறுகாய் மாதிரி எண்ணெயிலேயே கிடக்கும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடிக்கும்.

"உன் தீர்த்தத்துக்கு வேற ஆள் இருக்கு, வா" என்று அடுத்த ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே நிக்கல் கேட்டலிஸ்ட், வினையூக்கியாம். தண்ணீருக்குள் கிடக்கும் கறுப்புச் சேறு. காய்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

"கல்யாணத் தரகர் மாதிரி இது. ரெண்டு பேரச் சேத்து வெச்சுட்டு, தான் மாறாம அடுத்த வூட்டுக்குப் போயிடும். அவன் தண்ணி பட்டா எரிவான், இவன் தண்ணி வத்துனா எரிவான். நடுவுல நான்."

மூடின டிரம் மேலே தெளித்தேன். ஹைட்ரைடு கதவுக்குக் காய்ந்த விபூதி மட்டும்.

எட்டாவதோடு நின்றவள் நான். அதற்கப்புறம் அவருடைய ட்ரெய்னிங் பேப்பரை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் வேண்டுதலே மாறிப்போனது... 'ஆகாத இடத்தில் ஈரம் வரக்கூடாது, வேண்டிய இடத்தில் வற்றக்கூடாது, முருகா.' சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் சத்தம் கேட்டால்தான் அடுப்பில் உலை வைப்பேன். ஒரு நாளும் வைக்காமல் போனதில்லை. அவன் கருணை.

இப்போது பொடியைக் கையால் தொடுவதே இல்லையாம், எல்லாம் மூடின மெஷினுக்குள். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நிம்மதி.

அவரும் ரிட்டையர் ஆகிவிட்டார். வேலையில் இருந்தவரை மழை நாளில் தலை, காது மடல், விரல் இடுக்கு என்று துடைத்துத் துடைத்துப் போன மனுஷன். போன வாரம் பெய்த மழையில் நடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். துண்டோடு போய் உள்ளே கூப்பிட்டேன்.

"இப்ப நனைஞ்சா என்ன ஆயிடும்?"

ஒன்றும் ஆகாது.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.