பூனைக்காக நின்ற லாரி

அந்த லாரிக்காரரை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

எங்கள் தோட்டம் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதையெல்லாம் அம்மா தூக்கி வந்து மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் போட்டு வைத்தியம் பார்ப்பாள். முதலில் ஒரு வெள்ளாடு வந்தது, அப்புறம் கண் போன கழுதை, இறக்கை ஒடிந்த கொக்கு. இடம் போதாமல் அப்பா கொட்டகையை நீட்டிக் கட்டினார். ஊரில் அதற்கு நொண்டிப்பட்டி என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு மாடு காலை ஒடித்துக்கொண்டால் அதே வாயோடு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். எழுபதுகளின் கடைசி அது. பி.யு.சி.யில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, கட்டுப் போடுவதும் மருந்து புகட்டுவதும் வேலையாகிவிட்டது.

பட்டிக்குக் காவலாக ஒரு கறுப்பு நாய் இருந்தது. அதுவும் அடிபட்டு வந்து பிழைத்ததுதான். மாசி மாதத்தில் ஒரு நாள் பால் கேனோடு நான் ரோட்டோரம் நின்றபோது, என் கண் முன்னால் ஒரு லாரி அதன் மேல் ஏறிவிட்டது. லாரி எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. அவரே டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பிரேக்கை மிதித்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், போ என்று கையை ஆட்டினார். லாரி போய்விட்டது. நாய் என் மடியில் கிடந்து உயிரை விட்டது.

மறுநாள் அப்பா போய்க் கேட்டதற்கு, நாய்தானே, ரோட்டில் திரிந்தால் அடிபடத்தான் செய்யும் என்றாராம். அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் அப்பா எதற்கும் தலையை ஆட்டுகிற மனிதர். பட்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாயைப் புதைத்து மண்ணைக் குவித்தோம். நீ என் கையில் அகப்படாமலா போய்விடுவாய் என்று நான் கறுவிக்கொண்டேன்.

அகப்பட்டார். வைகாசியில் அவர் நாமக்கல்லில் பாடி கட்டிய புது லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் லோடுக்கு வண்டி கிளம்பியது. தோட்டத்துத் தடத்தைத் தாண்டுவதற்குள் ஒரு பூனைக்குட்டி குறுக்கே ஓடி அடிபட்டது. லாரிக்காரர்களுக்குப் பூனை என்றால் குலை நடுங்கும். பூனை செத்தால் அந்தப் பாவம் வண்டி மேலேயே உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்த டிரைவரும் அதைத் தொடமாட்டான். டிரைவர் அங்கேயே எஞ்சினை நிறுத்தி, பூனை தேறி நடக்கிற வரைக்கும் வண்டி நகரக் கூடாது என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

நாய்க்கு நிற்காத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோள் துண்டில் பூனைக்குட்டியை ஏந்தி எங்கள் பட்டிக்கு ஓடி வந்தார்.

"எப்படியாச்சும் காப்பாத்திக் குடு சாமி" என்றார். முகமெல்லாம் வேர்வை. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

உள்ளங்கை அளவுக்குச் செவலைக் குட்டி. பின்னங்கால் ஒடிந்திருந்தது, வால் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. எங்கள் பட்டியில் எல்லா முறிவுக்கும் ஒரே வைத்தியம்தான். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்த துணியைச் சுற்றிக் கட்டுவோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்ட பழக்கத்தில் இதற்கும் அப்படியே கட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் முட்டை வாசனைக்குக் கட்டு முழுவதையும் நக்கி அவிழ்த்துவிட்டிருந்தது. மறுபடி கட்டி, மேலே வேப்பெண்ணெய் தடவினோம். அதை ஒரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தது, அப்புறம் தொடவில்லை. இங்க் பில்லரில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டேன். பாதி வாயில் போகும், பாதி கழுத்தில் வழியும். சாக்கு விரித்த கூடையில் படுக்க வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் விரலை வைத்துப் பார்ப்பேன். அது பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே தவித்தேன்.

அவர் தினமும் காலையில் ஒரு சொம்புப் பாலோடு வந்துவிடுவார். சொல்ல முடியாதுங்க மாமா என்பேன். முதலில் அது உண்மைதான். பிறகு குட்டி தெம்பு வந்து, சத்தம் போட்டு, என் விரலைக் கடிக்க ஆரம்பித்தது. கூடையை வைக்கோல் போருக்குப் பின்னால் மாற்றினேன். பதிலை மாற்றவில்லை.

பாவம், புது வண்டி வெயிலில் காய்கிறதே என்று அப்பா இழுத்தார். நம் நாயும் வெயிலில்தான் கிடந்தது என்றேன். நாய்க்குச் சோறு வைத்தவள் அம்மா. கூடை மேல் இன்னொரு சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் அவர் கண்ணெல்லாம் குழி விழுந்து வந்தார். கோயிலுக்கு ஏதாவது வேண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எங்கள் கடலைக் காட்டில் பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"உங்க வண்டியில செத்த எங்க நாய்க்கு நீங்க பால் ஊத்தலீங்க மாமா. அந்தக் குறை நிக்குது. அதுதான் பூனை தேற மாட்டீங்குது."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது, அது போதும்.

களை வெட்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மனுசச் சாவுக்கு ஊற்றுவது போல, குனிந்து, நாயின் மண்மேட்டில் அந்தச் சொம்புப் பாலை ஊற்றினார். நான் கண் கொட்டாமல் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

பால் வாசனைக்கு வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அந்தப் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு நேராக மண்மேட்டில் ஏறி, தேங்கியிருந்த பாலை நக்கியது.

"நடக்குது சாமி, நடக்குது" என்றார். அதன் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்க்கவில்லை. நாயின் மண்மேட்டை மிதித்துக்கொண்டு நின்று பூனையைக் கும்பிட்டார். எதற்குப் பால் ஊற்றினோம் என்பதே அதற்குள் அவருக்கு மறந்துவிட்டது.

குளிர்ந்த வயிறு திரும்பவும் எரிந்தது. வண்டியை எடுக்கட்டுமா சாமி என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டேன்.

"காலுதானுங்க மாமா ஆறியிருக்குது. உள்காயம் அப்படியே இருக்குது. நான் சொல்றப்ப எடுங்க."

ஆடி போய் ஆவணி வந்தது. செவலை எலி பிடிக்கப் பழகியது. புது லாரியின் சக்கரத்தடியில் அருகம்புல் முளைத்தது. நான் சொல்லவில்லை.