பிலோமினா ஊற்றிய குழம்பு

தியேட்டரில் அந்தப் படம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அத்தோடு தொலைந்திருந்தால் பிலோமினா பிழைத்திருப்பாள். விமர்சகர்கள் பாராட்டிவிட்டார்கள்.

சுருளிப்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி அவள் வீடு. கொலைக்கதை ஒன்று எடுக்க கார்த்திக்ராஜ் நாலைந்து பேரோடு வந்து அந்த வீட்டைக் கேட்டான். விளக்கு வாடகைக்குக்கூட வக்கில்லாத கூட்டம். பந்தலின் இருட்டும் ஒரு குண்டு பல்பும் போதும் என்றான். நடிக்க வேண்டியவள் கடைசி நேரத்தில் வராமல் போக, அவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட பிலோமினாவையே நிறுத்தினான்.

"பேச்சே கிடையாதுக்கா. குழம்ப ஊத்திட்டு, அவர் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டு நில்லுங்க."

கதை என்னவென்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவனின் முதுகு மட்டும்தான் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

சுவரில் செத்துப்போன புருஷன் மரியராஜின் படம் தொங்கியது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாமா என்று கேட்டபோது மட்டும் அவள் மறித்தாள். நினைவுப் பூசை வைத்து, ஜெபமாலை சார்த்தி மாட்டிய படம். கழற்றினால் புருஷனையே வீட்டைவிட்டு அனுப்பியதுபோல.

"அவுகள மட்டும் அங்கனயிருந்து எடுக்காதீக, தம்பி."

கார்த்திக்ராஜுக்கும் ஒரு வேலை மிச்சம்.

படம் வந்த பிறகுதான் தெரிந்தது. திராட்சைக்கு அடிக்கும் மருந்தைக் குழம்பில் கலந்து புருஷனைக் கொல்பவள் அவள். செத்தவனுக்கு முகமாக வந்ததோ சுவரிலிருந்த மரியராஜ்.

நிஜ மரியராஜும் சோற்றுத் தட்டின் முன்தான் சரிந்தான். முகத்தில் துணி கட்டாமல் பகலெல்லாம் மருந்தடித்தவன். முதல் கவளம் உள்ளே இறங்கவில்லை. அதை அழுதழுது கார்த்திக்ராஜிடம் சொன்னவளும் அவளேதான்.

'சோறு போடும் கை அல்ல, சாவு போடும் கை' என்று ஒருவர் புகழ்ந்து எழுதினார். இன்னொருவர் செல்போனில் ஓடும் வீடியோவில் பேசினார்: இந்த அம்மா நடிக்கவில்லை, செய்து பார்த்தவர்போல் நிற்கிறார். அந்தப் பேச்சு வீடு வீடாகப் போனது.

அந்தோணியார் கோயில் அசன விருந்துக்கு வருஷா வருஷம் குழம்பு கூட்டுகிறவள் பிலோமினா. இந்த முறை பக்கத்து வீட்டு எஸ்தர் அவள் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நீ செத்த உக்காரு மதினி. பரிசு வாங்கப் போற கை, கரி பிடிக்கப்படாதுல்ல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து கார்த்திக்ராஜுக்கு போன் போட்டு, புருஷன் முகத்தையாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். எல்லோரும் மெச்சுவதே அந்த இடத்தைத்தான் என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

ஊர் போனால் போகட்டும், பெற்ற பிள்ளை இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திருப்பூரிலிருந்து சாலமன் சொல்லாமல் வந்து இறங்கினான். அப்பன் சரிந்த அன்று அந்த மடியிலேயே உட்கார்ந்திருந்த குழந்தை இவன். பிலோமினா பரபரவென்று உலை வைத்தாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, வழக்கம்போல் எதிரே நின்றாள்.

சாலமன் தட்டில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எம்மா, அன்னைக்கும் நீ இப்பிடித்தான் நின்னியா?"

பிலோமினா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏலே, அவுக சாப்பிடுறதப் பாக்கத்தானடா நான் நிப்பேன்."

சட்டென்று குனிந்து, அவன் தட்டிலிருந்தே ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். இன்னொன்று. கண்ணீர் ஒழுக ஒழுக மென்றாள். மகன் தன் முகத்தையே உற்றுப் பார்ப்பதைக் கண்டாள். எதற்காகப் பார்க்கிறான் என்று புரிந்தபோது சோறு தொண்டையில் நின்றது.

"வர்ற வழியில சாப்பிட்டுட்டேம்மா" என்றான் சாலமன். எழுந்துபோய், சோற்றில் படாத கையைக் கழுவினான்.

அவன் பஸ் ஏறிப் போன பிறகு, பிலோமினா முக்காலியில் ஏறி மரியராஜைச் சுவரிலிருந்து இறக்கினாள். மடியில் கிடத்தி, ஜெபமாலையை விலக்கினாள்.

"நீங்களாச்சும் அவங்கிட்டச் சொல்லப்படாதா?"

தட்டில் குழம்பு ஆறி, மேலே எண்ணெய் படிந்துகொண்டிருந்தது.