ஒரு மணிச் சாப்பாடு

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் வேலை. எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். ஒருநாள் ஒரு பழைய கட்டடத்தில், லிஃப்டின் கூரையில் இருந்த சின்னத் திறப்பு வழியாக மேலே ஏறியவர் தொப்பை மாட்டி நடுவில் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கூடவே வேலை பார்க்கும் மைத்துனன், மனைவியின் தம்பி, காலைப் பிடித்துத் தொங்கினான்.

“மாமா, மூச்சை வெளிய விடுங்க!”

“விட்டாச்சுடா! இனிமே விடறதுக்கு உயிர்தான் இருக்கு!”

சட்டை கிழிந்து ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தார். வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் வேனில் திரும்பும்போது கிழிந்த சட்டையைத் தொப்பைமேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். பசியில் எரிச்சல் ஏறியது. ஒழுகாத குழாயைக்கூடத் திட்டினார். ஒரு வாரம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அடுப்படியில் இருந்த பாத்திரங்களை வழித்து முடித்துவிட்டார்.

மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர். காலிப் பாத்திரங்களைப் பார்த்தார், கோபப்படவில்லை.

“பட்டினி கிடந்து இளைக்கிறதும், மறுபடி ஊதறதும் உங்களுக்குப் புதுசா? மத்தியானம் எப்பங்க சாப்பிடறீங்க?”

“வேலை முடிஞ்சதும்.”

“நாலு மணிக்கு, அக்கா,” என்றான் வந்திருந்த தம்பி. “அதுவரைக்கும் வேன்ல பிஸ்கெட், டீக்கடையில பன்.”

“போட்டுக் குடுத்துட்டியே, நல்லா இரு!”

“வேற எதையும் மாத்த வேண்டாம்,” என்றார் மனைவி. “ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுங்க. அது போதும்.”

மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் கூடுதல் காய்கறியும் இரண்டு முட்டையும் இருந்தன. கேட்க எளிதாக இருந்தது, செய்யத்தான் பெரும்பாடு. லிஃப்டுக்குள் ஆள் மாட்டியிருந்தால் அந்த வேலைதான் முதலில். மற்ற நாட்களில் ஒரு மணிக்குப் படிக்கட்டில் டப்பாவைத் திறந்தார். திறந்ததும் யாராவது எதிரில் வந்து நிற்பார்கள்.

“லிஃப்ட் நின்னு கிடக்கு, நீங்க சாப்பிட்டுட்டு இருக்கீங்க?”

“அது நின்னா நான் வருவேன் சார். நான் நின்னுட்டா யார் வருவா?”

கேட்டவர் சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்.

சில வாரங்களில் சாயங்காலப் பசியின் வேகம் குறைந்தது. பன் நினைவே வரவில்லை. யாரும் சொல்லாமலே இரவுத் தட்டில் அளவு சுருங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. உடம்பு லேசானதும் அவருக்கே நடக்கத் தோன்றியது. மனைவி வேலை முடிந்து வரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போய், இருவரும் சேர்ந்து திரும்பினார்கள்.

மழைக்காலத்தில் எல்லாம் குலைந்தது. தண்ணீர் புகுந்த லிஃப்டுகள் வரிசையாக நின்றன. மறுபடி பிஸ்கெட், மறுபடி நாலு மணி. எடையும் கொஞ்சம் ஏறியது. பழைய ஆளாக இருந்தால், “போச்சு, எல்லாம் வீண்” என்று கைவிட்டிருப்பார். இந்த முறை மழை விட்ட முதல் நாளே, ஒன்றுமே நடக்காததுபோல, ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தார். மைத்துனனும் தன் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

தொப்பை முழுதாகப் போய்விடவில்லை. அதைப் பற்றி அவருக்கு இப்போது பெரிய வருத்தமும் இல்லை. சாயங்காலம் நடக்கும்போது மனைவி, பல்லைப் பிடுங்க வந்து நாற்காலியை விட்டு ஓடியவரின் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். வீட்டு வாசல் வந்துவிடும், கதை முடிந்திருக்காது.

“இன்னொரு சுத்து போகலாமா?” என்பார் லிஃப்ட்காரர்.