கம்மி என்றால் நல்லது

சர்க்கரை வியாதியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் கருத்துச் சொல்லாதவர் யாரும் இல்லை. அது என்னவென்று தெரிந்தவரும் இல்லை. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, ரிசல்ட்டில் எண் இறங்கிவிட்டால் பரீட்சையில் பாஸானதுபோல் தெருவுக்கே சொல்லும் மேதாவிகள் நாங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கைக்குச் சர்க்கரை வந்தது. இருபத்தாறு வயது, குச்சி உடம்பு. மாத்திரை விழுங்க விழுங்க இன்னும் மெலிந்தாள். “வாயக் கட்டத் துப்பில்ல, மாத்திர என்ன செய்யும்?” என்றார் அவள் மாமியார், வாய் நிறையப் பால்கோவாவுடன்.

மதுரையில் ஒரு டாக்டர்தான் சந்தேகப்பட்டார். உடம்பு தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, பெயர் சி-பெப்டைடு, சென்னைக்கு அனுப்ப வேண்டும், ரிசல்ட் வந்ததும் உடனே கொண்டு வாருங்கள் என்றார். ராஜபாளையத்து என் விலாசத்தைக் கொடுத்தோம். குடும்பத்தில் பி.எஸ்சி. படித்தவன் நான்தானே.

தபால் வந்தது. இருக்க வேண்டிய அளவு என்று அச்சடித்திருந்ததைவிட அவள் எண் வெகு கீழே இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய், “கம்மியா இருக்கு! நல்லாக் கம்மியா இருக்கு!” என்று வாசலிலேயே கத்தினேன்.

“ஏட்டி, பாத்தியா? நான் சொல்லி வாயக் கட்டுனதுக்கு எம்புட்டு எறங்கிருக்கு!” என்று பெருமையை மாமியார் எடுத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தினோம். மதுரைக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று சொன்னவன் நான்தான்.

தங்கை மட்டும் கேட்டாள். “கம்மின்னா எனக்கு ஏண்ணே இப்படித் தண்ணி தவிக்குது?”

“போகப் போகச் சரியாயிரும்” என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

ஐந்தாம் நாள் வாந்தி. மூச்சு இரைத்தது. வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார்.

“இதுல கம்மின்னா உடம்புல இன்சுலினே சுரக்கலைன்னு அர்த்தம். இவங்களுக்கு ஊசிதான் போட்டிருக்கணும். யாரு இதப் படிச்சது?”

இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பு சொல்லி மாளாது.

பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் இன்சுலின் பாட்டிலும் ஊசியுமாக வந்து, எந்தக் கோடு வரை ஏற்ற வேண்டும் என்று என்னிடம் விளக்க ஆரம்பித்தார். தங்கை கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணன்ட்ட வேண்டாம் சிஸ்டர். எனக்கே சொல்லிக் குடுங்க.”