கிளிப்பச்சை நூல்

காஜாக்காவை அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பட்டன் நுழைகிற துளைக்கு விளிம்பு கட்டுவதில், அதாவது காஜா எடுப்பதில், அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. அடுத்தவர் தைத்ததைக் கையில் எடுத்தால், முதலில் நூல் பிசிறைத்தான் தேடுவாள்.

சைக்கிள் கடை மாடியில் காஜாக்காவோடு சேர்த்து ஒன்பது பெண்கள் ஒரு தையல் கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். ஒன்பது பேரும் முதலாளி, ஒன்பது பேரும் வேலைக்காரி. முன்பு இதே மாடியில் வேறொரு சங்கம் இருந்தது. ஒருநாள் தலையணை உறை மூட்டை ஒன்று கோணல் தையல் என்று திரும்பி வந்தது. யார் தைத்தது என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் "என் கை இல்லப்பா" என்றாள். திருத்துவதற்கு யாரும் உட்காரவில்லை, பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். இரண்டே மாதத்தில் ஆளுக்கொரு மூலை. காஜாக்கா தன் மிஷினைத் தனியாளாகப் படியிறக்கினாள். இடுப்பில் பிடித்தது மூன்று வாரத்தில் விட்டது. மனசில் பிடித்தது அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

அதனால் புதுச் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். ஆளுக்கொரு நிற நூல். தைத்து முடித்ததும் உள்மடிப்பில் அந்த நிறத்தில் மூன்று தையல் போட வேண்டும்.

"தப்பு யாரோடதுன்னு தெரியட்டும். மூடி மறைக்கிற பேச்சே வேணாம்."

பழைய சங்கத்திலும் இருந்த வக்கீலம்மா விடவில்லை. கோர்ட் வாசலை மிதித்தவள் அல்ல, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பெயர். "இது சங்கமா, போலீஸ் ஸ்டேஷனாக்கா?" என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். ஐந்துக்கு நான்கு என்று விதி தப்பிப் பிழைத்தது. காஜாக்கா கிளிப்பச்சை எடுத்துக்கொண்டாள். வக்கீலம்மா வெள்ளைத் துணிக்கு வெள்ளை நூல் கேட்டுப் பார்த்தாள். ஆரஞ்சைத்தான் கொடுத்தார்கள்.

எட்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு காலையில் ஆஸ்பத்திரி வேன் டிரைவர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டர்களுக்கான வெள்ளைக் கோட்டு, பன்னிரண்டு.

"இடது கை வலப்பக்கம், வலது கை இடப்பக்கம் இருக்காம்மா. நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுக்கலன்னா வேற இடம் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

சாவி காஜாக்காவிடம் இருந்தது. மற்றவர்கள் வர இன்னும் கால் மணி நேரம். ஆரஞ்சாகத்தான் இருக்கும் என்று அரைச் சிரிப்போடு உள்மடிப்பைத் திருப்பினாள். கிளிப்பச்சை. அடுத்ததும் கிளிப்பச்சை. பன்னிரண்டும்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்தக் கோட்டுகளைத் தைத்த வாரம் வக்கீலம்மா பாக்கெட்டைக் கோணலாக வைக்கிறாள் என்று நிமிடத்துக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே தைத்தது நினைவுக்கு வந்தது. பாக்கெட் நேராகத்தான் இருந்தது.

மூன்றே தையல். பிரித்துவிட்டால் போயிற்று. பிரிக்கும் கத்தியை எடுத்தாள். முதல் கோட்டில் பச்சை நூல் இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டாவதை எடுக்கும்போது ஜன்னலோரம் இருந்த தன் மிஷின் கண்ணில் பட்டது. அதை மறுபடியும் அந்தப் படியில் இறக்குவதை நினைத்தாள், பயமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

எட்டுப் பேரும் வந்து உட்காரும் வரை காத்திருந்தாள்.

"என் நூல்தான். பன்னிரண்டும் நான் தச்சது. ஒண்ணுல நூலைப் பிரிச்சும் எடுத்துட்டேன். பெரிய மனுஷி மாதிரி விதி போட்டேன், இப்ப வெக்கமா இருக்கு."

வக்கீலம்மா எழுந்து ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கப் பார்த்தாள். தோளில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்படியே விறைத்துக்கொண்டு, "இந்த டாக்டர் யாருக்கும் ஊசி போட முடியாது" என்றாள். மாடியே அதிரச் சிரித்தார்கள். காஜாக்கா சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, எட்டு மாசமா ஆரஞ்சு நூலைக் கோக்கும்போதெல்லாம் எங்க தப்பு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். உனக்கே தப்பு வரும்னு இன்னைக்குத்தான் நிம்மதியாச்சு" என்றாள் வக்கீலம்மா. "போன சங்கத்துல யாருமே தப்பு பண்ணல. அதான் இழுத்து மூடிட்டோம்."

பிறகு கைகளைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கோட்டுக்கும் கை இடம் மாறி, இஸ்திரி போட்டு மடிப்பு வைத்தாயிற்று. கடைசியாக வக்கீலம்மா ஒரு கோட்டை நீட்டினாள். உள்மடிப்பில் எந்த நூலும் இல்லாத அந்த முதல் கோட்டு.

காஜாக்கா ஊசியில் கிளிப்பச்சையைக் கோத்து மூன்று தையல் போட்டாள்.

"இன்னொண்ணு போடுக்கா, நல்லாத் தெரியட்டும்."

போட்டாள்.