ஒரே கொடியின் புழுக்கள்

எங்க அக்காவைப் போல ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததில்லை. பூங்காவின் பட்டாம்பூச்சிக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவள்தான். புழுவைக் கண்டால் நாமெல்லாம் அலறுவோம். அவள் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு, "சாப்பிட்டியாடி?" என்பாள்.

அங்கே கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு ஜாதி உண்டு. அதன் புழு ஆடுதீண்டாப்பாளைக் கொடியின் இலையைத் தவிர எதையும் வாயில் வைக்காது. போன மழையில் அந்தக் கொடி வேரழுகிச் செத்தது. அக்கா நர்சரி நர்சரியாக அலைந்து அதே குடும்பத்துக் கொடி ஒன்றை வாங்கி நட்டாள். இலை கிட்டத்தட்ட அதேதான், பூ மட்டும் தட்டு அகலம். தாய்ப்பூச்சியும் வந்து காலால் தட்டிப் பார்த்து முட்டை வைத்தது. பெற்ற மகள் முழுகாமல் இருக்கிற மாதிரி அக்கா எல்லோருக்கும் போன் போட்டாள்.

பொரிந்த புழுக்கள் இலையைக் கடித்தன, சுருண்டு விழுந்தன. அந்த இலை அதுகளுக்கு விஷமாம்! தாய்க்கே தெரியாதது அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஆறு மட்டும் தப்பித்தன. தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்த நாட்டுக் கொடியைக் கொடுத்து விரல் நீளம் வளர்த்தாள். அந்தக் கொடியும் மொட்டை. ரெண்டு நாளாகப் பட்டினி.

"வேற இலை போடும்மா, பசிச்சா தின்னும்" என்றார் அதிகாரி.

"பசிச்சா நீங்க மரத்தூள் தின்பீங்களா சார்?"

பழைய கிடங்குச் சுவரில் ஒரு கொடி இருப்பதாக யாரோ சொன்னார்கள். புழு டப்பாவோடு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். இருந்தது. அசல் கொடிதான். ஆனால் மிச்சம் எட்டே இலை, அதில் அதே ஜாதிக் காட்டுப் புழுக்கள் ஐந்து மேய்ந்துகொண்டிருந்தன.

"பறி அக்கா, யாரு பார்க்கப் போறா?"

கத்தரிக்கோலை எடுத்து இலைப் பக்கம் நீட்டினாள். மடக்கினாள்.

"அதுங்களுக்கே நாளைக்கு இல்லடி."

"அப்போ நம்ம ஆறு?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே நட்டேன். என் கையாலதானேடி நட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது மடியில் டப்பாவை அணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது.

"மெதுவாப் போடி" என்றாள், "அதுங்களுக்கு வலிக்கும்."